மேற்கு வளைவுச் சுவர்

எல்லிங்தோர்ப், சஃபோக்
12 மார்ச் 1866

கட்டடக்கலைஞர் திரு. லாரன்ஸ் பெட்டிங்கில் அவர்களுக்கு,

தங்களை இப்படி அழைப்பதற்கு மன்னிக்கவும். இந்த ஊரில் பிறந்து, இந்தக் கோயிலின் எழுத்தருக்கு மகனாக வளர்ந்து, அந்த அப்பாவின் அடக்கத்துக்கு வர நேரம் கிடைக்காமல் போன ஒருவரை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் வரைபடங்கள் வந்து சேர்ந்தன. பாதிரியார் லட்லோ அவற்றைப் பள்ளிக்கூட மேசையில் விரித்து, நாலு மூலையிலும் மைக்கூடு வைத்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பெருமை. "நம்ம பெட்டிங்கில் வீட்டுப் பையன் போட்டதாமே" என்று ரொட்டிக்கடைக்காரர் மூன்று தரம் சொன்னார். படத்தில் கோயில் அழகாகத்தான் இருக்கிறது. புதுத் தரை, புது இருக்கைகள். ஆனால் நடுக்கோபுரத்துக்கு அடியில், மேற்கு வளைவை அடைத்துக்கொண்டு நிற்கும் சுவரைக் காணோம். அதன் இடத்தில் வெறும் வளைவு. அதற்கப்பால் பலிபீடம் பளிச்சென்று தெரிகிறது.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார், கொத்தனார் ஆப்னர் கெரிட்ஜ். "சுவர் போவுது, சரி. கோபுரம் அப்புறம் எதுமேல சாஞ்சுக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். ஆப்னரும் சேர்ந்து சிரித்தார், அவர் சுபாவம் அது. நான் சிரிக்கவில்லை.

அப்பா சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம். கீழே உள்ள நாலு தூண்களும் நார்மன் காலத்தவை, எழுநூறு வருடத்துக்கு முந்தியவை. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ஆனால் வெளியே மட்டும்தான் செதுக்கிய கல். உள்ளே கூழாங்கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. அந்தக் காலத்துக் குட்டைக் கோபுரத்துக்கு அது போதும். பின்னால் வந்தவர்கள் அதன் தலையில் இன்னொரு மாடம் கட்டி ஆறு மணிகளை ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சுவர் வந்தது என்பார் அப்பா. கோயில் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் அந்தச் சுவரைத் துடைக்கிறேன். அதனால் கேட்கிறேன்: அதை இடித்துத்தான் ஆகவேண்டுமா?

ஹெஸ்டர் பெட்டிங்கில்


லண்டன்
19 மார்ச் 1866

அக்கா,

'அவர்களுக்கு' என்பதைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் எடுத்துப் படித்தேன்.

அப்பா இறந்தபோது நான் யார்க்கில் இருந்தேன். ரயிலில் ஒரு நாள் பயணம். வந்திருக்கலாம். வரவில்லை. அதற்குக் காரணம் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும், அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அம்மாவின் அடக்கம் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினாலு வயது, எனக்கு ஐந்து. பெட்டியை அந்தச் சுவரில் இருக்கும் சின்ன வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய வீட்டார் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நாம் இந்தப் பக்கம். உள்ளே என்ன நடக்கிறது என்று உன் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "ஜெபம் பண்றாங்க, பேசாம இரு" என்றாய். அம்மாவுக்கு என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை. ஒரு மணி நேரம் சுண்ணாம்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிக்காரனும் தச்சனும் இன்றைக்கும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

தொழில்காரனாகவும் சொல்கிறேன். அந்தச் சுவரின் கற்கள் தூண்களோடு பின்னிக் கட்டப்படவில்லை. பக்கத்தில் சும்மா நிற்கின்றன. குளிர் காற்றுக்குப் பயந்து யாரோ எழுப்பிய தடுப்பு அது. ஆனாலும் தூண்களுக்கு இரும்புப் பட்டை போடுகிறேன், உள்ளே சிமெண்டுப் பால் ஊற்றுகிறேன், சுவரை எடுக்கும் முன் வளைவுக்கு அடியில் மரமுட்டு கொடுக்கிறேன். அப்பா கோயில் எழுத்தர், அக்கா. கட்டடக்காரர் அல்ல.

ஆப்னர் அண்ணனைத்தான் தலைமைக் கொத்தனாராகப் போடவேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேள்வி கேட்டது நல்லதுதான்.

உன் தம்பி
லாரன்ஸ்


எல்லிங்தோர்ப்
30 ஏப்ரல் 1866

லாரன்ஸ்,

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி நீ இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. என் கையை நீ இழுத்தது எனக்கு நினைவில்லை. நானும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒரு பெரிய காகிதம் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். கசக்கிவிடாதே. சாரம் கட்டுவதற்காகச் சின்ன வாசலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தபோது ஒரு பாளம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் எழுத்து. கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள், ஆறேழு வரி. லத்தீன் என்று நினைக்கிறேன். பாதிரியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "பழைய கையெழுத்து, மிஸ் பெட்டிங்கில். எல்லாத்தையும் சுருக்கிச் சுருக்கி எழுதியிருக்காங்க. உங்க தம்பிதான் இதுல தேர்ந்தவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காகிதத்தைச் சுவரில் ஒட்டினாற்போலப் பிடித்துக் கரியால் தேய்த்து எடுத்தேன். ஆப்னர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "இதுல என் தாத்தாவுக்குத் தாத்தா கடன் சொல்லி வெச்சிருக்கப்போறாரு, மெதுவாத் தேயுங்க" என்றார்.

அவர் இன்னொரு காரியமும் சொல்லிக்கொடுத்தார். தென்மேற்குத் தூணில் மயிரிழை போல ஒரு விரிசல் இருக்கிறது. அதற்குக் குறுக்கே மெல்லிய காகிதப் பட்டைகளை மாவுப்பசை தடவி ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பட்டைகள். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும். இதுவரை ஒன்றும் கிழியவில்லை. நியாயத்துக்காக அதையும் சொல்கிறேன்.

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று எழுது. அதைப் படிக்காமல் சுவரில் கைவைக்கவேண்டாம்.

அக்கா


லண்டன்
7 மே 1866

அன்புள்ள அக்கா,

காகிதம் பத்திரமாக வந்தது. அழகாகத் தேய்த்திருக்கிறாய்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஜான் என்ற கொத்தனின் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் ஜெபம். அந்தக் காலத்தில் கோயிலுக்குக் கோயில் இப்படிக் கீறி வைப்பார்கள். இதை என் அறையில் மாட்டி வைத்துக்கொள்ளலாமா?

ஜூன் கடைசியில் சுவரில் வேலை தொடங்கும். உன் இருமல் எப்படி இருக்கிறது?

அவசரத்தில்,
லாரன்ஸ்


எல்லிங்தோர்ப்
9 ஜூலை 1866

லாரன்ஸ்,

சுவர் போய்விட்டது. மேலே இருந்து வரிசை வரிசையாக எடுத்தார்கள். நேற்று ஞாயிறு, கடைசி இரண்டு வரிசைதான் மிச்சம். மரமுட்டுகளுக்கு நடுவே பலிபீடம் தெரிந்தது. நெசவுக்காரக் கிழவி எழுந்து நின்றுவிட்டாள். அறுபது வருடமாக இந்தக் கோயிலுக்கு வருகிறாள், கிழக்குச் சன்னலை அவள் இருக்கையிலிருந்து நேற்றுத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். "கண்ணாடியில இவ்வளவு நீலமா!" என்று ஆராதனை நடுவே சத்தமாகச் சொன்னாள். யாரும் அதட்டவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் அநியாயம்.

ஆனால் பன்னிரண்டு பட்டைகளில் மூன்று கிழிந்துவிட்டன. புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை இரண்டு. மரமுட்டுகள் இறுகிக்கொண்டே வருகின்றனவாம். ஆப்னர் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே சொல்கிறார். இப்போதெல்லாம் அவர் அதிகம் சிரிப்பதில்லை. "மிஸ் ஹெஸ்டர், கம்பி விட்டுக் குத்தினா தூணுக்குள்ள மண்ணாத்தான் வருது. சிமெண்டுப் பால் குடிக்கவே இல்ல. லாரன்ஸ் தம்பி ஒரு நடை வந்து பாத்துட்டா நல்லது" என்றார்.

பாதிரியாரிடம் சொன்னேன். அறுவடைத் திருநாளுக்கு ஆறு மணியும் அடித்துக் கோயிலைத் திறக்கவேண்டுமாம், பேராயர் வருகிறாராம். "பயப்படாதீங்க, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கார்" என்கிறார்.

நீ வா. என்னைப் பார்க்கவேண்டாம், தூணைப் பார்த்துவிட்டுப் போ.

ஹெஸ்டர்


லிங்கன்
13 ஜூலை 1866

அக்கா,

உன் கடிதம் லண்டன் போய்த் திரும்பி இங்கே வந்தது. இங்கே ஒரு பெரிய வேலைக்குக் கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் குழு கூடியிருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. முதல் தேதிக்கு முன் நகர முடியாது. இன்னும் நாலு முட்டு கொடுக்கும்படி ஒப்பந்தக்காரருக்கு எழுதிவிட்டேன். புதிதாகப் பாரம் ஏறினால் எந்தக் கட்டடமும் கொஞ்சம் அசைந்துதான் உட்காரும். காகிதம் கிழிவதைப் பார்த்துப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

லா.


எல்லிங்தோர்ப்
19 ஜூலை 1866

லாரன்ஸ்,

தந்தி கிடைத்திருக்கும். நடந்ததை உனக்கு யாராவது ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை, நடுப்பகல். ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து மரத்தடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே கல் இடுக்குகளில் மணல் ஒழுகிக்கொண்டிருந்ததால், தான் சொல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று ஆப்னர்தான் கட்டளை போட்டிருந்தார். பார்லியைச் சலிப்பது போல ஒரு சத்தம். பிறகு துணி கிழிவது போல. அதற்குப் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது, தரை என் காலுக்கடியில் எழும்பியது. தென்மேற்குத் தூண் வயிறு புடைத்து வெடித்து, கோபுரம் நேராகக் கீழே இறங்கியது. ஆறு மணிகளும் சேர்ந்து ஒரே ஒரு தரம் அடித்தன. புழுதி அடங்க அரை மணி ஆயிற்று. அடங்கியபின் பார்த்தால் கோயிலுக்கு நடுவில் வானம்.

ஆப்னர் உள்ளே இருந்தார். மாலை ஆறு மணிக்கு எடுத்தார்கள்.

ஏன் உள்ளே போனார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீயும் கேட்காதே.

அந்தச் செய்தியை அவர் மனைவி டெபோராவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. "அவர் சாப்பாட்டைப் பாதியில வெச்சிட்டு எங்கயும் போகமாட்டாரே" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

ஹெஸ்டர்


லண்டன்
23 ஜூலை 1866

அக்கா,

இதைப் படித்ததும் எரித்துவிடு.

மரண விசாரணையை ஆகஸ்ட் ஏழாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரின் வக்கீல் நேற்று என்னைப் பார்க்க வந்தார். ஆப்னர் அண்ணன் தன் இஷ்டத்துக்கு உள்ளே போய் மரமுட்டின் ஆப்பைத் தட்டித் தளர்த்தியிருக்கவேண்டும், அதனால்தான் விழுந்தது என்பது அவர் பக்கத்துப் பேச்சு. "ஒங்க பேரும் தப்பிக்கும், எங்க பேரும் தப்பிக்கும். போனவருக்கு இனி என்ன?" என்றார். நான் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அதை நீ நம்பவேண்டும்.

இன்னொன்று சொல்லவேண்டும். நான்கு நாளாகச் சோறு தண்ணீர் இறங்கவில்லை, யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும், எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நீ தேய்த்து அனுப்பிய எழுத்து ஜெபம் அல்ல. அதில் எழுதியிருந்தது இதுதான்: 'ஆண்டவரின் ஆண்டு 1391. மேலே மணிமாடம் ஏற்றியபின் மேற்குத் தூண்கள் இரண்டும் பிளந்தன. நாங்கள் பயந்து இந்தச் சுவரை எழுப்பினோம். பின்னால் வந்து இதை எடுப்பவன் முதலில் மணிகளை இறக்கி, மாடத்தைக் கழற்றட்டும்.'

அவ்வளவுதான். சாபம் இல்லை, மிரட்டல் இல்லை. எப்படிச் செய்யவேண்டும் என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறான். முதல் தடவை வாசிக்கும்போதே புரிந்தது. மணிகளை இறக்கினால் அறுவடைத் திருநாள் தள்ளிப்போகும். மாடத்தைக் கழற்றவேண்டும் என்றால் வேலையே நின்றுபோகும், என்னிடமிருந்து போய்விடும். இரும்புப் பட்டை அவர்களிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு ஜெபம் என்று எழுதினேன். எழுதிவிட்டு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

அந்தச் சுவர் இப்போது இல்லை. காகிதம் என்னிடம் இருக்கிறது. உன் எச்சரிக்கைகளுக்கு நான் எழுதிய பதில்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பிவிடு. உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை.

லாரன்ஸ்


எல்லிங்தோர்ப்
27 ஜூலை 1866

லாரன்ஸ்,

உன் கடிதத்தை இரண்டு தரம் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். எரிக்கவில்லை.

உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான். அப்பா வாங்கி வந்த பலகையில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தேன். லத்தீன் படிக்க உன்னை அனுப்புவதற்காக நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். அந்த லத்தீனை வைத்துக்கொண்டு நீ எனக்கு ஒரு ஜெபத்தைக் கட்டிவிட்டாய். நான் முட்டாள், மே மாதம் முழுவதும் ஜான் என்ற கொத்தனுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

வக்கீல் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. ரொட்டிச் சூளைக்கு முன்னால் நேற்று ஒருத்தி, "கெரிட்ஜ்தான் ஆப்பைத் தட்டிட்டானாம், அவசரக்காரன்" என்றாள். டெபோரா பின்னால் நிற்பதை அவள் பார்க்கவில்லை. டெபோரா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "என் புருஷன் இருபத்தெட்டு வருஷம் ஆப்பு வெச்சவரு. நீ இருக்கியே, உன் வீட்டுச் சமையக்கட்டு வளைவு, அதுக்கும் அவருதான் வெச்சாரு. போய்த் தட்டிப் பாரு. விழுந்தா வந்து சொல்லு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹெஸ்டர், நீ அன்னிக்கு அங்கதான இருந்தே? நீ சொல்லேன்" என்றாள்.

நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடிதங்களைத் திருப்பி அனுப்பமாட்டேன். விசாரணையில் கொடுப்பேனா என்று கேட்காதே. உன்னை இந்த ஊரில் தூக்கி வளர்த்தவள் நான், உன்னை அதே ஊரில் நான் எப்படிக் குற்றவாளியாக நிறுத்துவேன் என்று யோசிக்கிறேன். டெபோராவின் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி யோசிக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தரம் மாறுகிறது.

எனக்கு எழுதாதே. வருவதானால் வா.

ஹெஸ்டர்


லிவர்பூல்
14 ஆகஸ்ட் 1866

அக்கா,

விசாரணை முடிந்து நீ என்னைத் தேடினாயாம், விடுதிக்காரர் எழுதியிருந்தார். நான் பேசி முடித்ததுமே பின்வாசல் வழியாக ரயிலடிக்குப் போய்விட்டேன். கூடத்தில் இருந்த எந்த முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

நான் எழுந்து பேசியதற்காக என்னைப் பற்றி நல்லபடி நினைக்க ஆரம்பித்துவிடாதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழும்போது எனக்கே தெரியாது என்ன பேசப்போகிறேன் என்று. நீ மூன்றாவது வரிசையில், கறுப்புப் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதற்குள் என் கடிதங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். உன் பெயரைக் கூப்பிட இன்னும் ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி. நீ எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் நானே கொடுத்துவிடுவது மேல் என்று தோன்றியது. அதனால்தான் தேய்த்தெடுத்த காகிதத்தை மேசைமேல் விரித்தேன். பயந்துதான் உண்மையைச் சொன்னேன், அக்கா.

ஆப்னர் அண்ணன் மேல் குற்றம் இல்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டதை விடுதிக்காரரின் கடிதத்தில்தான் படித்தேன். அதற்குப் பிறகு படித்தது எதுவும் மனதில் ஏறவில்லை. பேராயர் அலுவலகம் எல்லா வேலைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டது. லிங்கன் வேலையும் போயிற்று. இங்கே துறைமுகக் கிடங்குகள் கட்டுகிறவரிடம் வரைபடத்துக்குக் கோடு போடும் வேலை கிடைத்திருக்கிறது. போதும்.

நீ என் மேல் கோபமாக இருந்தாலும், பையைக் கொண்டுவந்தாயே, அது சரி. நான் சொல்லாவிட்டால் நீ சொல்லியிருப்பாய். நம் வீட்டில் ஒருவராவது அப்படி இருக்கிறார் என்பதை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

லாரன்ஸ்


எல்லிங்தோர்ப்
22 ஆகஸ்ட் 1866

அன்புள்ள லாரன்ஸ்,

அந்தப் பையில் உன் கடிதங்கள் இல்லை.

ஒரு கைக்குட்டையும் கோயில் சாவியும்தான் இருந்தன. கடிதங்களை வீட்டில் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் அதுதான் என் முடிவு: கேட்டதற்கு மட்டும் பதில், உன் பெயரை நான் சொல்லமாட்டேன். உன்னைப் பயமுறுத்தி உண்மையைச் சொல்ல வைத்த பை காலிப் பை. இதை உன்னிடம் மறைத்து, நீ என்னைப் பற்றி நினைப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. நீ போனபின் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "கெரிட்ஜ் எதுக்கு உள்ள போனார்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா, மிஸ் பெட்டிங்கில்?" "தெரியாது, ஐயா" என்றேன். வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்த பிறகு.

எனக்குத் தெரியும். நான் உள்ளே இருந்தேன்.

அன்று மிச்சமிருந்த பட்டைகள் எத்தனை கிழிந்தன என்று பார்த்து உனக்கு எழுதவேண்டும், நீ வந்தே ஆகவேண்டும் என்று எழுதவேண்டும் என்று நினைத்தேன். ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று வடக்கு வாசலைத் திறந்துகொண்டு போனேன். தூணடியில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆப்னர் திறந்த கதவைப் பார்த்திருக்கிறார். ஓடி வந்து என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார். நான் விழுந்து எழுந்து ஓடினேன். அவருக்கு வலது முழங்கால் மடங்காது, உனக்குத் தெரியும். நான் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் இருந்தது.

விசாரணை முடிந்த மறுவாரம் டெபோரா வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாட்சிக் கூண்டில் மறைத்ததையும் சொன்னேன். அவள் கையில் இருந்த போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் வற்றி வெகு நேரமாயிற்று.

"ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசமா நான் கேட்டுட்டு இருக்கேன். அவரு ஏன் போனாரு, ஏன் போனாருன்னு. நீ தெருவுக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டு இருந்திருக்கே."

"ஆமா."

"நீயாவது பொழச்சியேன்னு நான் சொல்வேன்னு வந்தியா?"

"இல்ல, டெபோரா."

"சொல்லமாட்டேன். என்னால முடியாது."

போய்விடலாம் என்று திரும்பினேன். "நில்லு" என்றாள். "உன்னைத் தள்ளினப்போ ஏதாவது சொன்னாரா? கத்தினாரா?"

சொன்னார், லாரன்ஸ். அவ்வளவு அவசரத்திலும் சொன்னார். "சாப்பாட்டு நேரத்துல கோயிலுக்கு வர்ற ஒரே ஆளு நீங்கதான், மிஸ் ஹெஸ்டர்" என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

டெபோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் வந்தது. "அவரேதான்" என்றாள். பிறகு அந்த ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை.

நாளைக் காலை அந்த விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். சத்தியம் செய்து பொய் சொன்னதற்கு என்ன செய்வார்களோ தெரியாது. டெபோராவும் வருகிறேன் என்கிறாள். எனக்குத் துணைக்கு இல்லையாம், தன் காதால் கேட்டு எழுதிக்கொள்ள வைக்கவேண்டுமாம். ஐந்து மைல் சேர்ந்து நடக்கவேண்டும். என்ன பேசிக்கொண்டு போவோம் என்று தெரியவில்லை.

அக்கா